முனைவர் பட்டத்துக்கும் பேராசிரியர் பணிக்கும் நடுவே: மருத்துவக் கல்லூரி உடலியங்கியல் துறைகளில் தலித் ஆய்வாளர்கள் எங்கே தொலைகிறார்கள்?

ஆண்டுதோறும் நீட் தேர்வு முடிவுகள் வெளியாகும்போது மருத்துவப் படிப்பில் இட ஒதுக்கீடு பற்றிய விவாதம் எழுகிறது. எந்தப் பிரிவுக்கு எத்தனை இடங்கள், கட்-ஆஃப் எங்கே நிற்கிறது, எந்தக் கல்லூரியில் யார் சேர்ந்தார்கள் என்பதையெல்லாம் நாம் கணக்கிடுகிறோம். அவ்வாறு போராடிப் பெற்ற இடத்தில் ஒரு தலித் மாணவர் அமர்ந்த பிறகு, அவருக்கு எதிரே நின்று பாடம் நடத்துபவர் யார் என்ற கேள்வியை நாம் அரிதாகவே கேட்கிறோம்.

முதலாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவர் படிப்பவை மூன்று அடிப்படைப் பாடங்கள்: உடற்கூறியல், உயிர்வேதியியல், மாணவர்கள் பிசியாலஜி என்று அழைக்கும் உடலியங்கியல். இந்தத் துறைகளின் ஆசிரியர்கள்தாம் மாணவரின் முதல் வாய்மொழித் தேர்வை நடத்துகிறார்கள். முதல் செய்முறை மதிப்பெண்ணை இடுகிறார்கள். ஆய்வில் ஆர்வம் கொண்ட மாணவரை முதன்முதலில் அடையாளம் காண்பவர்களும் அவர்களே.

இக்கட்டுரையில் நாம் உடலியங்கியல் துறையை ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டு, மருத்துவக் கல்லூரி ஆசிரியர் பணிக்குச் செல்லும் பாதையைப் படிப்படியாகப் பார்க்கிறோம். மாணவர் சேர்க்கையில் இட ஒதுக்கீடு உண்டு. உதவிப் பேராசிரியர் நியமனத்திலும் சட்டப்படி உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே, முனைவர் பட்டம் முடித்த பின் ஆய்வகங்களில் கழியும் சில ஆண்டுகளுக்கு எந்தச் சுழற்சிப் பட்டியலும் இல்லை. நம்மவர்கள் பெரும்பாலும் தொலைந்துபோவது அங்கேதான் என்பதே நம் வாதம்.

உடலியங்கியல் ஏன் நமக்குப் பொருட்டு?

உடல் எப்படி இயங்குகிறது, உழைப்பிலும் வெப்பத்திலும் நச்சுக்காற்றிலும் அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது, எந்த எல்லையில் முறிந்துபோகிறது என்பதை ஆராயும் அறிவியல் இது. அந்த எல்லைகளில் நாள்தோறும் நிறுத்தப்படும் உடல்கள் யாருடையவை என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கும் தொழிலாளியின் மரணத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தாலும் உயிரணுவால் அதைப் பயன்படுத்த முடியாமல் போகிறது. குறைந்த செறிவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும் இவ்வாயு, செறிவு கூடும்போது மணம் அறியும் திறனையே முடக்கிவிடுகிறது. நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நம்பும் நொடிதான் மிகவும் ஆபத்தானது. உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கும் இரண்டாம் மனிதரும் மூன்றாம் மனிதரும் அடுத்தடுத்து இறப்பதன் காரணமும் இதுவே. முழுக்க முழுக்க உடலியங்கியல் விளக்கம் இது.

கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. 1993 முதல் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது; 2023இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. சட்டமும் இழப்பீடும் இயக்கங்கள் போராடி வென்றவை. ஆனால் இறவாமல் மேலே வந்தவர்களின் நுரையீரலும் நரம்பு மண்டலமும் பத்தாண்டுகளில் என்ன ஆகின்றன? செங்கல் சூளையில் கோடை முழுதும் உழைக்கும் பெண்ணின் சிறுநீரகத்துக்கு என்ன நேர்கிறது? ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் தொழிலாளியின் மூச்சுத்திறன் ஆண்டுக்காண்டு எவ்வளவு குறைகிறது? இக்கேள்விகளைத் தம் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொள்ளும் ஆய்வாளர்கள் எத்தனை பேர் என்பது, அத்துறைகளுக்குள் எவர் நுழைகிறார்கள் என்பதோடு தொடர்புடையது. எந்தச் சாதியில் பிறந்தவரும் இந்த ஆய்வைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். எனினும் தன் தெருவில் நிகழ்ந்த மரணத்தைக் கண்டவருக்கு இக்கேள்வி தானாகவே எழும். காணாதவருக்கு எவரேனும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

துறைக்குள் நுழையும் இரு வழிகள்

மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் துறையில் ஆசிரியராவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, எம்.பி.பி.எஸ். முடித்து, முதுநிலை நீட் எழுதி, எம்.டி. உடலியங்கியல் பெறுவது. இரண்டாவது, மருத்துவர் அல்லாதவர்களுக்கான வழி: அறிவியல் இளங்கலை, அதன்பின் எம்.எஸ்சி. உடலியங்கியல், பிறகு முனைவர் பட்டம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்திலுள்ள டாக்டர் ஏ.எல்.முதலியார் அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை நிறுவனம் இந்த இரண்டாம் வழிக்குத் தமிழ்நாட்டின் நன்கறிந்த வாயில்களில் ஒன்று.

முதல் வழியில் ஒரு விந்தையான நிலைமை நிலவுகிறது. தனிப்பட்ட முறையில் நோயாளிகளைப் பார்த்து வருவாய் ஈட்ட வாய்ப்பில்லாத பாடம் என்பதால், எம்.டி. உடலியங்கியல் இடங்களைப் பெரும்பாலோர் விரும்புவதில்லை. முதுநிலைக் கலந்தாய்வு முடிந்த பிறகும் நிரம்பாமல் கிடக்கும் இடங்களில் இத்தகைய அடிப்படைப் பாடங்களே மிகுதி. 2023 செப்டம்பரில் முதுநிலை நீட் தகுதி வரம்பு எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ய சதமானமாகக் குறைக்கப்பட்டது நினைவிருக்கும். இட ஒதுக்கீட்டால் தகுதி கெடுகிறது என்று கூக்குரலிடுவோர், இடங்கள் காலியாகக் கிடந்தபோது தகுதி வரம்பு அடியோடு நீக்கப்பட்டதைக் கண்டு அந்த அளவுக்குக் குரல் எழுப்பவில்லை.

இரண்டாம் வழிதான் நமக்கு மிகவும் முக்கியமானது. நீட் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்ட இயலாத, அரசு கலை அறிவியல் கல்லூரியில் விலங்கியலோ உயிர்வேதியியலோ படித்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு மருத்துவக் கல்லூரி ஆசிரியர் அறைக்குள் நுழைய இருந்த ஒரே வாசல் அது. முன்பிருந்த இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதிகள், உடலியங்கியல் துறையின் ஆசிரியர் பணியிடங்களில் 30 விழுக்காடு வரை மருத்துவர் அல்லாத முனைவர்களை அமர்த்த இடமளித்தன. 2020இல் தேசிய மருத்துவ ஆணையம் இதை 15 விழுக்காடாகப் பாதியாக்கியது. நுண்ணுயிரியல், மருந்தியல் துறைகளில் இந்த வாசல் முற்றாகவே மூடப்பட்டது. 2025 ஜூலையில் வந்த புதிய விதிகள் அவ்விரு துறைகளிலும் அதை மீண்டும் திறந்தன.

மருத்துவ மாணவருக்கு நோயாளியோடு தொடர்புபடுத்திப் பாடம் சொல்ல மருத்துவரே ஏற்றவர் என்ற வாதத்தை நாம் ஒதுக்கித் தள்ளவில்லை. அதில் உண்மை உண்டு. ஆனால் எம்.டி. இடங்களே நிரம்பாத துறையில், ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்த முனைவர்களை வெளியே நிறுத்தியதால் வகுப்பறைக்கு என்ன ஆதாயம் விளைந்தது என்று கேட்கிறோம். இந்த விழுக்காட்டைப் பாதியாக்கியபோது அதனால் பாதிக்கப்படும் சமூகங்கள் எவை என்ற கணக்கு பொதுவெளியில் பேசப்படவேயில்லை.

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளின் நிலை சற்று வேறானது. இங்கே மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மாநிலம் தழுவிய அளவில் இனச்சுழற்சி முறையில் மருத்துவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடும், அதனுள் அருந்ததியருக்கு 3 விழுக்காடும், பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் உண்டு. பணியில் சேர்ந்த மருத்துவர்களே முதுநிலைப் பட்டம் பெற்று ஆசிரியர்களாகிறார்கள். மருத்துவப் பட்டம் உள்ளவர்களுக்கு இது பயன்தரும் ஏற்பாடு. எம்.எஸ்சி., முனைவர் பட்டம் வழியே வருபவருக்கோ அது பெரிதும் உதவுவதில்லை. அவர் எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற நடுவண் நிறுவனங்களையோ தனியார் கல்லூரிகளையோதான் நாட வேண்டும்.

மூன்று ஆண்டுப் பாலம்

எய்ம்ஸ் நிறுவனத்தில் உடலியங்கியல் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும் மருத்துவர் அல்லாதவருக்கு முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் மட்டும் போதா. முனைவர் பட்டம் பெற்ற பிறகு அத்துறையில் மூன்று ஆண்டுகள் கற்பித்தல் அல்லது ஆய்வு அனுபவம் இருக்க வேண்டும். இந்த மூன்று ஆண்டுகளைப் பெரும்பாலோர் கழிப்பது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக, அதாவது போஸ்ட்டாக் என்று ஆய்வுலகம் அழைக்கும் நிலையில். விருப்பமுள்ளவர்கள் மட்டும் செய்யும் கூடுதல் பயிற்சியாகத் தோன்றும் இது, உண்மையில் பணிக்கான தகுதியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

இந்தப் பாலத்தைக் கடக்க மூன்று தேவைகள்: பணம், ஓர் ஆய்வகம், ஒரு பரிந்துரைக் கடிதம்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். முனைவர் பட்ட ஆய்வின்போது நிலைமை ஓரளவு பரவாயில்லை. 2005-06இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கப்பட்ட பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை பல்லாயிரம் தலித் ஆய்வாளர்களை உருவாக்கியிருக்கிறது. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாயும் முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. இத்தொகை மாதக்கணக்கில் தாமதமாவது தொடர்ந்து செய்தியாகி வருகிறது என்றாலும், உரிமை என்று சொல்லிக் கேட்பதற்கு ஒரு திட்டமாவது இருக்கிறது.

முனைவர் பட்டம் பெற்ற மறுநாள் அந்தத் தரை நழுவிவிடுகிறது. அதற்கடுத்த நிலையான ஆய்வு உதவியாளர் ஊதியம் மாதம் 58,000 ரூபாயில் தொடங்குகிறது. ஆனால் அது பெரும்பாலும் ஒரு பேராசிரியர் பெற்ற ஆய்வுத் திட்ட நிதியிலிருந்து வழங்கப்படும் தற்காலிகப் பணி. நியமிப்பவர் அந்தப் பேராசிரியர். பணியிடமோ ஒன்று அல்லது இரண்டு. ஒரே ஓர் இடத்துக்கு ஒதுக்கீட்டுக் கணக்கு எங்கிருந்து வரும்? அறிவியல் ஆய்வுக்கான சில உயர்நிலைப் பணியிடங்களுக்கு ஒதுக்கீட்டிலிருந்து விலக்கு அளிக்கும் நடுவண் அரசின் ஆணைகள் 1970களிலிருந்தே நடைமுறையில் உள்ளன. ஆய்வு என்றாலே ஒதுக்கீட்டுக்கு அப்பாற்பட்டது என்ற மனநிலைக்கு அவை நீண்டகாலமாக உரமூட்டி வருகின்றன.

பல்கலைக்கழக மானியக் குழு பட்டியல் சாதி, பழங்குடி முனைவர்களுக்கென்றே ஒரு பிந்தைய ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தை நடத்தியது. அதில் ஆண்டுக்கு 100 இடங்கள். நாடு முழுமைக்கும், எல்லாப் பாடங்களுக்கும், இரு பிரிவினருக்கும் சேர்த்து 100. அதில் உடலியங்கியலுக்கு எத்தனை வந்துசேரும் என்பதை வாசகர்களே கணக்கிடலாம். அனைவருக்குமான தேசிய முதுமுனைவர் உதவித்தொகை இரண்டு ஆண்டுகளுக்கானது. அதன் வயது வரம்பான 35, பட்டியல் சாதியினருக்கு ஐந்து ஆண்டுகள் தளர்த்தப்படுகிறது. வயதில் தளர்வு உண்டே தவிர இடங்களில் ஒதுக்கீடு இல்லை.

இந்த ஆண்டுகள் ஒருவரின் வாழ்வை எப்படி மாற்றுகின்றன என்பதற்கு இந்திய உடலியங்கியல் வரலாறே சான்று. எய்ம்ஸ் உடலியங்கியல் துறையை உருவாக்கிய பி.கே.ஆனந்த், ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோதுதான் ஜான் புரோபெக்குடன் இணைந்து, பசியைத் தூண்டும் மூளைப் பகுதியை 1951இல் கண்டறிந்தார். நுரையீரலின் ஜே உணர்விகளைக் கண்டறிந்து, 1981இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரான ஏ.எஸ்.பெயின்டலும் ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் எடின்பரோவில் ஆய்வு செய்து திரும்பியவர். அவர்களின் அறிவாற்றலை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ஆற்றல் வெளிப்படுவதற்கான சில ஆண்டுகளுக்கு யாரோ பணம் கொடுத்தார்கள், ஓர் ஆய்வகம் கதவைத் திறந்துவிட்டது என்பதைத்தான் சுட்டுகிறோம்.

பணம் நின்றுபோனால் என்னவாகும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்வே எடுத்துக்காட்டு. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியாவுக்குச் சென்ற அவர், அங்கிருந்து இலண்டனுக்குச் சென்று படிப்பைத் தொடர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் பாதியிலேயே நாடு திரும்ப நேர்ந்தது. 1918இல் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிப் பணம் சேர்த்தார். சாகு மகாராஜாவின் உதவியும் கிடைத்த பிறகு, 1920இல்தான் அவரால் இலண்டன் திரும்ப முடிந்தது. அந்தச் சிடனாம் கல்லூரியில்தான், ஆசிரியர் அறையின் தண்ணீர்க் குடத்தை அவர் தொடுவதற்கு உடன் பணியாற்றிய பேராசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். உதவித்தொகை நிற்பது, ஆசிரியர் அறைக்குள் தீண்டாமை என்ற இரண்டு தடைகளையும் அவர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சந்தித்திருக்கிறார்.

பணத்தைவிட நுட்பமான தடை பரிந்துரைக் கடிதம். போஸ்ட்டாக் இடங்களில் பல, விளம்பரத்தைவிட அறிமுகத்தால் நிரம்புகின்றன. நெறியாளர் ஒருவர் தமக்குத் தெரிந்த மற்றொரு பேராசிரியருக்கு எழுதும் நான்கு வரி மின்னஞ்சல் பல ஆண்டு உழைப்பின் பலனைத் தீர்மானிக்கிறது. அந்த நான்கு வரிகளை எவரும் தணிக்கை செய்ய முடியாது. கடுமையாக உழைப்பவர் என்று எழுதுவதற்கும் புதிதாகச் சிந்திப்பவர் என்று எழுதுவதற்கும் இடையில் ஒருவரின் எதிர்காலம் தொங்குகிறது. குடும்பத்திலும் உறவிலும் பேராசிரியர் எவரும் இல்லாத முதல் தலைமுறை ஆய்வாளருக்கு இப்படியொரு சந்தை இயங்குவதே தாமதமாகத்தான் தெரியவருகிறது.

கடல் கடந்தாலும்

உடலியங்கியலில் போஸ்ட்டாக் என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள்தாம். அங்கே தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2024 நிதியாண்டுக்கு நிர்ணயித்த தொடக்க உதவித்தொகை ஆண்டுக்கு 61,008 டாலர். ஆனால் அந்நிறுவனங்களின் தேசியப் பயிற்சி உதவித்தொகைகள் அந்நாட்டின் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் உரியவை. இந்தியாவிலிருந்து செல்பவருக்குப் பெரும்பாலும் ஆய்வகத் தலைவரின் திட்ட நிதியிலிருந்தே ஊதியம் வருகிறது. விசாவும் அவரை அமர்த்திய நிறுவனத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஊதியம், விசா, அடுத்த பணிக்கான பரிந்துரை ஆகிய மூன்றும் ஒரே மனிதரின் கையில் இருக்கும் இடத்தில், அவரோ உடன் பணியாற்றுபவரோ சாதி பார்ப்பவராக இருந்தால் முறையிட எங்கே செல்வது?

அங்கும் போராட்டம் பயன் தந்திருக்கிறது. பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022இலும் தம் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியைச் சேர்த்தன. கலிஃபோர்னியா மாநிலம் முழுமைக்குமான சட்டமுன்வடிவு சட்டமன்றத்தில் நிறைவேறியும், 2023 அக்டோபரில் ஆளுநரால் நிராகரிக்கப்பட்டது. வெளிநாட்டு ஆய்வகத்துக்குச் செல்லும் நம் மாணவர்கள், அந்நிறுவனத்தின் கொள்கையில் சாதி என்ற சொல் உள்ளதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

சுழற்சிப் பட்டியலின் கணக்கு

பாலத்தைக் கடந்து வந்தவரை அடுத்துக் காத்திருப்பது ஓர் எண் கணக்கு. நடுவண் அரசின் நேரடி நியமனச் சுழற்சிப் பட்டியலில் முதல் பிற்படுத்தப்பட்டோர் இடம் 4ஆவது பணியிடம். பட்டியல் சாதிக்கு 7ஆவது, பழங்குடிக்கு 14ஆவது. எந்த அலகைக் கொண்டு எண்ணுகிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கல்லூரி முழுவதையும் ஓர் அலகாக எண்ணினால் நூற்றுக்கணக்கான பணியிடங்களில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு கிடைக்கும். துறையை அலகாக எண்ணினால், ஆறு உதவிப் பேராசிரியர்கள் உள்ள உடலியங்கியல் துறையில் பட்டியல் சாதிக்கு ஓரிடம்கூட வராது. பதின்மூன்று பேர் இருந்தாலும் பழங்குடிக்கு வராது. மருத்துவக் கல்லூரித் துறைகள் பெரும்பாலும் இப்படிச் சிறியவையே.

பனாரஸ் இந்து பல்கலைக்கழக நியமனங்கள் தொடர்பான வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் 2017இல் துறையையே அலகாகக் கொள்ளச் சொன்னது. 2018 மார்ச் 5 அன்று மானியக் குழு அதை ஆணையாக்கியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு மார்ச் 5 அன்று தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அமைப்புகள் நாடு தழுவிய முழு அடைப்பு நடத்தின. இரண்டு நாள்களில் அவசரச் சட்டம் வந்தது. ஜூலையில் நாடாளுமன்றச் சட்டமானது. இன்று நடுவண் கல்வி நிறுவனங்களில் நிறுவனம் முழுவதுமே ஓர் அலகு. தெருவில் இறங்கிப் பெற்ற வெற்றி இது.

எனினும் அச்சட்டத்தின் அட்டவணை ஒரு விலக்குப் பட்டியலைச் சுமந்திருக்கிறது. ஷில்லாங்கின் வடகிழக்கு இந்திரா காந்தி மருத்துவ நிறுவனம், மும்பை டாடா நினைவு மையம், மூளை ஆய்வுக்கென மானேசரில் இயங்கும் தேசிய மூளை ஆய்வு மையம் ஆகியவை அதில் அடங்கும். சென்னையின் கணித அறிவியல் நிறுவனமும் அதில் உண்டு. உயர்தரமும் ஒதுக்கீடும் ஒன்றாக வாழ முடியாது என்ற எண்ணம் சட்டத்தின் எழுத்திலேயே பதிந்திருப்பதை இங்கே காண்கிறோம்.

மேல்நிலைப் பணிகளில் கதவு இன்னும் குறுகுகிறது. ஒரே பணியிடம் உள்ள பதவிக்கு, சுழற்சி முறையில்கூட ஒதுக்கீடு கூடாது என்று சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவன வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. உயர் சிறப்பு மருத்துவப் பதவிகளில் ஒதுக்கீடு கூடாது என்று எய்ம்ஸ் ஆசிரியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2013 ஜூலை 18 அன்று மற்றொரு அரசியல் சாசன அமர்வு கூறியது. உடலியங்கியல் உயர் சிறப்புப் பிரிவு அன்று. எனவே இரண்டாம் தீர்ப்பு அதை நேரடியாகத் தொடாது. ஆயினும் மருத்துவக் கல்வியில் உயரச் செல்லச் செல்ல ஒதுக்கீடு பொருந்தாது என்ற பொதுக்கருத்துக்கு அது வலுச்சேர்த்தது.

“தகுதியானவர் கிடைக்கவில்லை”

சட்டம், சுழற்சிப் பட்டியல், விளம்பரம் அனைத்தும் ஒழுங்காக இருந்தும் பணியிடம் காலியாகவே கிடக்கலாம். நேர்காணல் முடிந்த பிறகு கோப்பில் ஒரே வரி எழுதப்படும்: தகுதியானவர் கிடைக்கவில்லை.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலனுக்கான நாடாளுமன்றக் குழு எய்ம்ஸ் பற்றி அளித்த அறிக்கை 2022 ஜூலையில் வெளியானது. மொத்தம் 1,111 ஆசிரியர் பணியிடங்களில் 275 உதவிப் பேராசிரியர் இடங்களும் 92 பேராசிரியர் இடங்களும் காலியாக இருந்ததை அது பதிவு செய்தது. தகுதியானவர் கிடைக்கவில்லை என்ற வழக்கமான பதிலை ஏற்க முடியாது என்றும் குழு கூறியது. அதற்கு முன்பே, 2006இல் அமைக்கப்பட்ட சுகதேவ் தோரட் குழு, எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் ஆசிரியர்களின் அணுகுமுறையிலும் வாய்மொழித் தேர்விலும் விடுதியிலும் எதிர்கொண்ட பாகுபாட்டை ஆவணப்படுத்தியிருந்தது. இவ்விரு அறிக்கைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வகுப்பறையில் ஊக்கம் இழந்தவர் ஆய்வுக்கு வருவதில்லை. ஆய்வுக்கு வந்தவருக்குப் பாலம் இல்லை. பாலத்தைக் கடந்தவரைத் தகுதியற்றவர் என்கிறது நேர்காணல். பிறகு, விண்ணப்பிக்கவே ஆளில்லை என்று நிறுவனம் வருந்துகிறது.

2023 டிசம்பரில் வெளியான மானியக் குழுவின் வரைவு வழிகாட்டி ஒன்று, நிரம்பாத ஒதுக்கீட்டு இடங்களைப் பொதுப்பிரிவுக்கு மாற்ற வழி சொன்னது. எதிர்ப்பு எழுந்ததும் கல்வி அமைச்சகம் அப்படியேதும் நடக்காது என்று விளக்கம் அளித்தது. நாம் விழிப்போடு இல்லாதிருந்தால் அந்த வரைவு என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தனியார் மருத்துவக் கல்லூரிகளைப் பொறுத்தவரை பேச்சு மிகச் சுருக்கமானது. 93ஆவது அரசியல் சாசனத் திருத்தம் அங்கே மாணவர் சேர்க்கையில் ஒதுக்கீட்டுக்கு வழிசெய்தது. ஆசிரியர் நியமனத்துக்கு அப்படி எந்தக் கடமையும் இல்லை. நாட்டின் மருத்துவக் கல்லூரிகளில் ஏறத்தாழப் பாதி தனியாருடையவை.

என்ன கோர வேண்டும், என்ன செய்ய வேண்டும்?

நாம் முன்வைக்கும் முதல் கோரிக்கை இந்தப் பாலத்தைப் பற்றியது. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய மூன்று ஆண்டு அனுபவத்தை அரசு நிறுவனம் தகுதியாகக் கேட்கிறது என்றால், அந்த மூன்று ஆண்டுகளைப் பெறும் வாய்ப்பிலும் ஒதுக்கீடு இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி முனைவர்களுக்கான பிந்தைய ஆய்வு உதவித்தொகை, முனைவர் பட்ட உதவித்தொகையோடு ஒப்பிடத்தக்க எண்ணிக்கையில் வழங்கப்பட வேண்டும். அரசு நிதியில் இயங்கும் ஆய்வுத் திட்டப் பணிகளை நிறுவனம் முழுமைக்கும் ஒன்றாகத் தொகுத்து எண்ணினால், ஓரிடத்துக்கு எப்படி ஒதுக்கீடு என்ற சாக்கு மறைந்துவிடும். 2019 சட்டம் ஆசிரியர் பணிக்குச் செய்த அதே ஏற்பாட்டை ஆய்வுப் பணிக்கும் விரிவாக்கினால் போதும்.

இரண்டாவது, தகுதியானவர் இல்லை என்று எழுதும் ஒவ்வொரு தேர்வுக்குழுவும் வேட்பாளர் வாரியாக மதிப்பெண்ணையும் காரணத்தையும் வெளியிட வேண்டும். மூன்றாவது, மருத்துவர் அல்லாத ஆசிரியர்களின் விழுக்காட்டை முடிவு செய்யும்போது அதன் சமூக விளைவும் ஆராயப்பட வேண்டும்.

மாணவர்களும் செயல்பாட்டாளர்களும் இன்றே தொடங்கக்கூடிய வேலைகளும் உள்ளன. நடுவண் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் சுழற்சிப் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும். ஒதுக்கீட்டைக் கண்காணிக்கத் தொடர்பு அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி துறைவாரியாகப் பின்வருவனவற்றைக் கேட்கலாம்: அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, நிரம்பாமல் பின்னடைவாகச் சேர்ந்தவை எத்தனை, கடைசியாக நடந்த நேர்காணலில் தகுதியானவர் இல்லை என்று எழுதப்பட்டவை எத்தனை. கிடைக்கும் பதிலோடு தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்தில் முறையிடலாம். தனி ஒருவர் கேட்டால் அவர் குறிவைக்கப்படும் அபாயம் உண்டு. எனவே அமைப்பின் வழியே கேட்பது நல்லது.

முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் தோழர்கள் மூன்றாம் ஆண்டிலேயே அடுத்த கட்டத்துக்கான விண்ணப்பங்களைத் தொடங்க வேண்டும். ஒரே நெறியாளரின் கடிதத்தை மட்டும் நம்பியிராமல், மாநாடுகளிலும் கூட்டு ஆய்விலும் அறிமுகமாகும் வேறு இரு பேராசிரியர்களிடமாவது தம் வேலையைத் தெரியப்படுத்துவது பாதுகாப்பு. விண்ணப்பம் எழுதும் முறை, நேர்காணலுக்கு ஆயத்தமாகும் விதம், எந்த ஆய்வகத்தில் எப்படிப்பட்ட சூழல் நிலவுகிறது என்ற தகவல்கள் இவையெல்லாம் ஆதிக்கச் சாதியினருக்குக் குடும்பத்துக்குள்ளேயே கிடைத்துவிடுகின்றன. நமக்கு அவற்றைத் தர வேண்டியவர்கள் நம்மில் முன்னே சென்றவர்கள். இன்று மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியராக இருக்கும் ஒவ்வொரு தலித் பேராசிரியரும் ஆண்டுக்கு இரண்டு ஆய்வாளர்களின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுத்தால், அரசாணை எதுவும் இல்லாமலே அந்தப் பாலத்தின் ஒரு பகுதியை நாமே கட்டிவிட முடியும். மற்ற பகுதியை அரசு கட்டியாக வேண்டும். 2019 மார்ச்சில் நாடு தழுவிய முழு அடைப்பு நடந்த பிறகு அவசரச் சட்டம் வர இரண்டு நாள்களே ஆயின.